பதினேழாம் நம்பரின் இடது கை

சான்றிதழ் வாங்கப் போவதற்கு முன் அவள் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த கரியைக் கம்பி முனையால் நோண்டி எடுத்தாள். பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கப்போகிற காகிதத்தில் முதல் நாளே கறை பட வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தை நினைத்துப் பார்த்தபோதெல்லாம் பிற்பாடு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தகரக் கன்டெய்னரை அறுத்து ஜன்னல் வைத்ததுதான் ஆபீஸ். உள்ளே ஏசிக்கு அடியில் குவாலிட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். குழாய்களில் போடும் வெல்டிங் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பார்ப்பது குறைவு, கையெழுத்து தாராளம். அவர் ஒரு பிளாஸ்டிக் உறையை மேசை மேல் தள்ளினார். உறைக்குள் இருந்த காகிதத்தில் அவள் புருஷன் போட்டோ. அவர் பெயர். முத்திரை எண் பதினேழு. நிற்க வைத்த குழாயில் வெல்டிங் செய்து தேறினார் என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தது.

"சார், இது எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு."

"ஆமா."

"டெஸ்ட் பண்ணது நான்."

"அதெல்லாம் காண்ட்ராக்டர்கிட்ட பேசிக்கம்மா. எனக்கு வந்த பேரை நான் அடிச்சேன்." அவர் மறுபடி செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அந்த வேலைத்தளத்தில் தேறிய வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. குழாயை ஒட்டி முடித்ததும் பக்கத்திலேயே அந்த நம்பரை இரும்பு அச்சால் அடித்துவிட வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த இடத்தில் ஒழுகினாலும் யார் கை என்று நம்பர் சொல்லிவிடும். அவள் புருஷன் நம்பர் பதினேழு. ஆரம்ப காலத்தில் அவர் கை அப்படியொரு கை. அவர் ஒட்டிய குழாய் மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்தவர்கள் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். அதிலிருந்து அவருக்குப் பெயரே போய்விட்டது. எல்லாருக்கும் அவர் பதினேழு, அவள் பதினேழு வீட்டுக்காரி.

பதினேழு வீட்டுக்காரி வருகைப் பதிவேட்டில் ஹெல்பர். முதல் எட்டு வருஷம் நிஜமாகவே ஹெல்பர்தான். புருஷனுக்கு வெல்டிங் குச்சி எடுத்துக் கொடுத்தாள், கசடு தட்டினாள், கிரைண்டர் பிடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நிழல் தேடிப் போனதும் குப்பைத் தகடுகளை எடுத்து வைத்துத் தானே ஒட்டிப் பழகினாள். கற்றுக்கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. மெனக்கெட்டிருந்தால் முதலில் இடது கையை மாற்று என்றிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தக் கையை ஸ்கேலால் அடித்து வீங்க வைத்தே மாற்ற முடியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பு என்றார் டாக்டர். தம்ளர் தண்ணீர் தளும்பாமல் பிடிக்க முடியாத கை, நெருப்பை எப்படிப் பிடிக்கும். அன்றிலிருந்து குச்சியைப் பிடிக்கிற ஹோல்டர் அவள் கையில். வேலை அவளுடையது, அடிக்கிற நம்பர் பதினேழு. தளத்தில் இது தெரியாத ஆள் கிடையாது, தெரியும் என்று சொன்ன ஆளும் கிடையாது. வேலை நடந்தது, ஒழுகவில்லை, அவரவருக்கு அவரவர் பிழைப்பு.

இந்த வருஷம் குழாய் வாங்குகிற கம்பெனி எல்லா வெல்டரும் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்றது. காண்ட்ராக்டர் அவளைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை உன் பேர்லயே போட்டுடலாம்மா. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்" என்று தேன் ஒழுகப் பேசினார். அவள் நம்பினாள். நம்ப வேண்டிய தேவையும் இருந்தது. ஆற்றுமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்று ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. போய் விசாரித்தாள். வேலை தெரியுமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, பேப்பர் இருக்கா என்றுதான் கேட்டார்கள். மாசக் கடைசிக்குள் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

டெஸ்ட் அன்று குழாயைச் சுற்றி இரண்டு மணி நேரம் நின்றாள். முதல் சுற்று உள்ளே சீராக இறங்கியது. மேல் பூச்சு வரி வரியாகப் படிந்தது. கூடவே நின்று பார்க்க வேண்டிய குவாலிட்டிக்காரர் ஏசியை விட்டு இறங்கவில்லை. 'நேரில் பார்த்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்து மட்டும் நேரில் வந்திருந்தது. எக்ஸ்ரேயில் ஒரு புள்ளி இல்லை.

இப்போது காண்ட்ராக்டர் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஒரே வீடுதானேம்மா. யார் பேர்ல இருந்தா என்ன?"

"அப்ப உங்க காண்ட்ராக்ட் லைசென்ஸை உங்க சம்சாரம் பேர்ல மாத்திக் குடுங்க. ஒரே வீடுதானே."

பல்குத்தி நின்றது. "வாய் நீளுது. நீ கப்பல் கம்பெனி வாசல்ல நின்னது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பேப்பரைக் கையில குடுத்தா மறுநாள் நீ இங்க இருப்பியா? இங்க பாரு, இது வெளிய போச்சுன்னா மூணு வருஷமா பதினேழு அடிச்ச ஜாயிண்ட் அத்தனையும் சந்தேகத்துக்கு வரும். உன் புருஷன்தான் முதல்ல மாட்டுவான். யோசிச்சுக்க."

அவள் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் உறுத்தியது. போட்டோ. போட்டோவில் அவள் புருஷன் போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை. போன மாசம் அவளே எடுத்துக் கொடுத்த சட்டை. அப்படியென்றால் போட்டோ பழசு இல்லை. இந்தச் சான்றிதழுக்கென்றே ஸ்டுடியோவுக்குப் போய், தலை சீவி, பவுடர் போட்டு உட்கார்ந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் தரையில் ஸ்கூல் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"எப்பங்க போட்டோ எடுத்தீங்க?"

அவர் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் வெயில்ல நின்னு வேகறேன். நீங்க ஸ்டுடியோல போய் சிரிச்சுட்டு வந்திருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல இல்ல?"

"எனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த நம்பர் ஒண்ணுதான்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"எனக்குன்னு என்ன இருக்கு? சொல்லுங்க. என்ன இருக்கு?"

மகள் தலையைத் தூக்கினாள். "அம்மா, தாயின் தொழில்னு கேட்டிருக்கு. அப்பாதான் ஹெல்பர்னு போடச் சொன்னாங்க. போட்டுட்டேன்."

அவள் அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரம். 

மறுநாள் குழாய் வாங்குகிற கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் டார்ச் லைட், சிரிப்பு என்பது சம்பளத்தில் சேராத விஷயம் போல ஒரு முகம். வெல்டர் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு அவரும் போட வேண்டும். அப்போதுதான் சான்றிதழ் செல்லும். டெஸ்ட் குழாய்களை எடுத்து வரச் சொன்னார். அவள்தான் தூக்கிக்கொண்டு போய் ஆபீஸ் மேசை மேல் வைத்தாள். "தள்ளி நில்லும்மா, வெளிச்சம் மறைக்குது" என்றார் அவர். அவர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

வெல்டிங் ஆறும்போது மேலே மீன் செதில் போல வரி விழும். அந்த வரி வளைந்திருக்கிற பக்கத்தை வைத்துக் கை எங்கே ஆரம்பித்து எங்கே போனது என்று சொல்லிவிடலாம். நிற்க வைத்த குழாயில் வலது கைக்காரர்கள் பெரும்பாலும் இடமிருந்து வலமாகப் போவார்கள். இன்ஸ்பெக்டர் ஒட்டிய இடத்தைச் சுற்றி டார்ச்சை ஓட்டினார். இதில் வரி எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. இன்னொரு தடவை ஓட்டினார்.

"பதினேழு யாரு?"

அவள் புருஷன் முன்னால் வந்தார். கட்டம் போட்ட சட்டை.

"நீங்க இடது கைக்காரரா?"

அவர் காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் முந்திக்கொண்டார். "ஆமா சார். வலது கையில கொஞ்சம் நடுக்கம். அதனால இடது கையில பழகிட்டார். பெரிய திறமைசாலி."

"அப்படியா?"

"ஆமா சார்" என்றார் புருஷன்.

"சரி. இங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை வலது கையில் எடுத்தார். எடுத்ததும் நினைவு வந்து இடது கைக்கு மாற்றினார். காகிதத்தின் மேல் குனிந்தார். முதல் எழுத்துக்கே பேனா வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது எழுத்து கோட்டுக்குக் கீழே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, வியர்வை மூக்கு நுனியில் சொட்ட, ஐம்பது வயது மனிதர் தன் பெயரைத் தானே எழுதத் தெரியாமல் கிறுக்கிக்கொண்டிருந்தார். குவாலிட்டிக்காரர் ஏசியைப் பார்த்தார். காண்ட்ராக்டர் கூரையைப் பார்த்தார்.

அவள் மட்டும் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையைத் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. திருடியதாவது உருப்படியாக வருகிறதா என்றால் அதுவும் இல்லை. 

"போதும், விடுங்க" என்று பேனாவைப் பிடுங்கினாள். அவர் கிறுக்கியதன் மேல் ஒரு கோடு கிழித்தாள். கீழே தன் பெயரை இடது கையால் ஒரே வீச்சில் எழுதினாள்.

"இதைப் பண்ணது நான். இது மட்டுமில்ல, மூணு வருஷமா பதினேழுன்னு அடிச்சது அத்தனையும் நான் பண்ணது."

"ஏம்மா, என்ன பேசறோம்னு தெரிஞ்சு பேசறியா?" என்றார் காண்ட்ராக்டர். "சார், அது ஹெல்பர் பொம்பளை. வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வருது. இப்படிச் சொன்னா முன்னூறு ஜாயிண்டையும் திரும்ப எக்ஸ்ரே எடுக்கணும் சார்."

"எடுங்க" என்றாள் அவள். "ஒண்ணு விடாம எடுங்க. எதுலயாவது கோளாறு இருந்தா நான் இந்தக் கையால இனிமே ஹோல்டரைத் தொட மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் அவள் கையெழுத்தையே பார்த்தார். பிறகு அந்தச் சான்றிதழைக் குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்தார். "இது செல்லாது. வேற ஆள் பேர்ல பண்ணதும் தப்பு, பார்க்காமலே பார்த்ததாக் கையெழுத்துப் போட்டதும் தப்பு. பதினேழாம் நம்பர் இன்னையோட ரத்து. நீங்க புதுசா டெஸ்ட் குடுக்கணும்மா."

"இவ்வளவு பார்த்தப்புறமும் நான் மறுபடி டெஸ்ட் குடுக்கணுமா?"

"குடுக்கணும். நான் பார்க்கணும்."

"சரி, பாருங்க. இப்பவே பாருங்க."

"நாளைக்குக் காலைல..."

"நாளைக்கு இவங்க பைப்பையே காணாம அடிச்சுடுவாங்க. இப்பவே." அவள் முகமூடியை எடுத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "நிக்காதீங்க. பைப்பை எடுத்து நிறுத்துங்க. முனையைத் தேய்ங்க. உங்களுக்கு அது நல்லா வரும்."

அவர் போனார். வலது கை நடுங்க, இடது கையால் அழுத்திப் பிடித்துக் கிரைண்டர் ஓட்டினார். இன்ஸ்பெக்டர் வெயிலில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரமும் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்தபோது "ம்" என்றார். அவ்வளவுதான்.

எக்ஸ்ரே படம் வர நான்கு நாள் ஆயிற்று. சுத்தம். பழைய பதினேழாம் நம்பர் மூட்டுகளில் அறுபதைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் ஊசிமுனை அளவு காற்றுக்குழி, விதிப்படி அனுமதிக்கக்கூடியதுதான் என்று எழுதினார்கள். அந்த ஒன்று எந்த ஒன்று என்று கேட்டுக்கொண்டு போய், அதன் முன்னால் நின்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

புதுச் சான்றிதழில் அவள் போட்டோ, அவள் பெயர், முத்திரை எண் நாற்பத்திரண்டு. காண்ட்ராக்டர் அதைப் பூட்டி வைக்கப் பார்த்தார். அவள் கன்டெய்னர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள், மூலக் காகிதம் கைக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. வாங்கும்போது கையைக் கழுவவில்லை. உறையின் ஓரத்தில் கட்டைவிரல் கரி அப்படியே பதிந்தது.

சாயங்காலம் வாசல் காவலாளி வெளியே போகிறவர்களை நம்பர் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டிருந்தார். அவளும் புருஷனும் முன்னால் வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பதினேழு, பதினேழு வீட்டுக்காரி" என்று எழுதப்போனார்.

"பதினேழு கிடையாது" என்றாள் அவள். "நாப்பத்திரண்டு."

காவலாளி அவள் புருஷனைப் பார்த்தார். "அப்ப உங்களை என்னன்னு எழுதறது?"

 பின்னால் வரிசையில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நாப்பத்திரண்டு வீட்டுக்காரர்னு எழுதிக்க" என்றார் அவள் புருஷன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். காவலாளியும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் இன்றைக்கும் அந்தக் கட்டம் போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தார்.

"வீட்டுக்குப் போனதும் முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். "அப்புறம் புள்ளையோட ஸ்கூல் பாரத்தை எடுத்து, நீங்க போடச் சொன்னதை நீங்களே அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க. எந்தக் கையால வேணா எழுதுங்க."