கண்ணாடி அறையில் அக்கா

என் கணவரின் அண்ணன் மனைவியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: அடக்கம். மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். "அண்ணியப் பாத்துக் கத்துக்கோ" என்று என் கணவரே சொல்வார். எனக்கு வயிறு எரியும்.

அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தால் ஓரமாகப் போய் நிற்பாள். பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்னை யாரும் சட்டை செய்வதில்லை.

இருவருக்கும் ஒரே பேக்கரியில் வேலை. அவள் மாவு சலிப்பாள், தட்டு கழுவுவாள். கேக்கின் மேல் கிரீம் பூ பிழிவது நான். முதலாளியம்மா கல்லாவை விட்டு நகராதவர், உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கடை முன்பக்கம் ஒரு கண்ணாடி அறை. தெருவில் போகிறவர்கள் பார்க்க, அதற்குள் உட்கார்ந்து ஒருவர் கேக் அலங்கரிப்பார். அங்கிருந்தவர் வேலையை விட்டதும், அந்த நாற்காலி எனக்குத்தான் என்று வீட்டில் தம்பட்டம் அடித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், கல்யாணக் கேக் வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார்களாம். முதலாளியம்மா அவர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கேக்கைத் தூக்கிப்போய் வைத்தவள் அக்கா. அவள் கையெல்லாம் கிரீம்.

"இந்த ரோஜாவெல்லாம் நீ வச்சதா?"

"நான் இல்லம்மா, இவதான் வச்சா." சத்தியமான உண்மை.

"பாத்தீங்களா! தான் செஞ்சத அடுத்தவளுக்குத் தூக்கிக் குடுக்கறா. என்ன அடக்கம்!"

"நெசமாவே நான்தாம்மா வச்சேன்," என்றேன்.

"நீ எப்பவும் முந்திரிக்கொட்டைதானே," என்று சிரித்துவிட்டுப் போனார்.

நாற்காலி அக்காவுக்குப் போனது. எவ்வளவோ மறுத்தாள், மறுக்க மறுக்க அவள் மதிப்பு ஏறியதுதான் மிச்சம். இப்போது நான் பின்னால் நின்று பிழிந்து, குளிர்பெட்டியில் இறுக வைக்கும் பூக்களை அவள் கண்ணாடிக்குள் உட்கார்ந்து எடுத்து வைக்கிறாள். தெருவே கைதட்டுகிறது. "எல்லாம் என் தங்கச்சி கைவேலை" என்கிறாள், ஒருவரும் நம்புவதில்லை. அவளைத் திட்டவும் ஒரு காரணம் கிடைக்கவில்லை, அதுதான் இன்னும் எரிகிறது.

அடக்கம்தானே வேண்டும், அதென்ன பெரிய வித்தையா என்று நினைத்தேன். நேற்று முதலாளியம்மா பின்பக்கம் வந்தார். நான் பிழிந்துகொண்டிருந்த பூவைக் குனிந்து பார்த்து, "அழகா இருக்கே!" என்றார். நான் தலையைத் தாழ்த்தி, அக்காவைப் போலவே மெதுவாகச் சொன்னேன்:

"நான் ஒண்ணும் பெருசா பண்ணலம்மா."

"அது தெரியும்," என்று தோளைத் தட்டினார். "அக்காதான் சொல்லிக் குடுத்திருப்பா. நல்லாக் கத்துக்கோ."