கொக்கி விடாத கட்டில்

என் அண்ணியை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டினால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். ஒருமுறை எரியாத பல்பைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதியம் வரை கடை வாசலிலேயே நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் இரண்டு பல்பாகக் கொடுத்துக் கும்பிடு போட்டார். ஒன்றை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். "எனக்கு வேண்டியது ஒண்ணுதானே" என்றாள்.

நான் அதற்கு நேர் எதிர். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் நிறுத்தச் சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டிலேயே கிடந்த என்னை அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்துப்போய் தன் வேலையிலேயே சேர்த்துவிட்டாள்.

அது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. மேலே எட்டு மாடியில் அழுக்காகும் விரிப்புகள் எல்லாம் குழாய் வழியாக எங்கள் பக்கத்தில் வந்து விழும். துவைத்துக் காய்ந்ததும் சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்து இஸ்திரி போட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனை. ஒருத்தி "பிடி" என்பாள், மற்றவள் "பிடிச்சேன்" என்பாள். விரிப்பு உருளைக்குள் ஏறியதும் யாராவது ஒருத்தி "விடு" என்பாள். விடு என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாகத் திறந்துகொள்ள வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் விரலும் சேர்ந்து உள்ளே போகும். எங்கள் எல்லாருக்கும் அது ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

அண்ணன் வெல்டிங் வேலைக்காக வெளியூரில் இருக்கிறான். அவர்களுக்கு ஒரே பெண். பட்டாணி என்று கூப்பிடுவோம். மூன்று வயது. கண்ணைப் பொத்தி விளையாடும்போதுதான் அண்ணிக்குச் சந்தேகம் வந்தது. இடது கண்ணை மூடினால் சிரிப்பாள். வலது கண்ணை மூடினால் கத்திக்கொண்டு கையைத் தட்டிவிடுவாள். இடது கண்மணியில் வெளிச்சம் பட்டால் பால் போல ஒரு வெளுப்பு தெரிந்தது.

கண் டாக்டர், சிறிய வயதுப் பெண், பொறுமையாகச் சொன்னார்: "புரை. எடுத்துட்டு லென்ஸ் வைக்கலாம். ஆனா சின்னப் பிள்ளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் கண்ணால பாக்கறதையே மூளை மறந்துடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் கண்ணு தெளிவா இருக்கும், பார்வை இருக்காது."

செலவைப் பற்றிக் கவலையில்லை. பிள்ளைகளுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீட்டு அட்டை பட்டாணிக்கு இருந்தது. அனுமதியும் கிடைத்தது. குழந்தைகள் பிரிவில், அதே ஆபரேஷனுக்கும் வேறு ஆபரேஷன்களுக்கும் காத்திருந்த மற்ற ஏழு பிள்ளைகளோடு, ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஆபரேஷன் இல்லை என்றார்கள்.

அந்தக் காப்பீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் சட்டசபையில் பணம் ஒதுக்க வேண்டுமாம். இந்த வருடம் இரண்டு தரப்பும் வேறு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டு, இதை ஒதுக்காமலேயே எழுந்து போய்விட்டார்கள். பணம் வரும்வரை உயிருக்கு ஆபத்தான கேஸ் மட்டும்தான் பார்க்கலாம் என்று மேலிடத்து உத்தரவு. நிர்வாக அதிகாரி ஒவ்வொரு கட்டிலாக வந்து ஒரு தாளை நீட்டினார். வாசித்துக் காட்டுங்கள் என்று அண்ணி கேட்டாள். 'என் குழந்தையை என் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்' என்று இருந்தது.

"யாரு விருப்பம்?" என்றாள் அண்ணி.

"அது வழக்கமா எழுதறதும்மா. பணம் வந்ததும் கூப்பிடுவோம்."

"எப்ப வரும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கே தெரியாதுன்னா எனக்கு எப்படி சார் விருப்பம் வரும்? பெரியவங்க சண்டை போட்டா வீட்ல பிள்ளைக்கு சோறு போடறத நிறுத்திடுவாங்களா?"

பக்கத்துக் கட்டில் தாய்மார்கள் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதிகாரியின் குரல் அப்படி. போட்டால்தான் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று பயம். மதியத்துக்குள் ஏழு கட்டில் காலி. அண்ணி மட்டும் பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் போனில், "போட்டுத் தொலையேண்டி. அவங்களைப் பகைச்சுக்கிட்டு வேலையும் போயிடப்போகுது" என்றான்.

"ரெண்டு கண்ணு இருக்கற நீ ஒண்ணு போனா பரவாயில்லன்னு சொல்லு, இப்பவே போட்டுடறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆனால் வேலை உண்மையிலேயே இடித்தது. லீவு எடுத்தால் காண்டிராக்ட்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். பெரியவர்கள் யாரும் கூட இல்லாமல் பிள்ளையைக் கட்டிலில் விடவும் முடியாது. விட்டால் அதையே காரணமாகச் சொல்லிப் பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள். அண்ணி பத்து நிமிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி சிஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கீழே வந்து, இஸ்திரி மெஷின் முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னாள். கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"இதுக்குப் போய் என்னடி யோசனை? முனை மாத்தற மாதிரிதானே? நீ விடறதுக்கு முன்னாடி நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் எங்களில் மூத்தவள். ஆமை போல நடப்பதால் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர்.

"நீ மேல போய்ச் சேரறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடமே முடிச்சுடும்க்கா."

"லிஃப்ட்ல போவேன் போடி."

அப்படியே நடந்தது. ஷிப்ட் முடிந்தவள் மேலே போவாள், மேலே இருந்தவள் கீழே வருவாள். வந்தவள் கட்டில் கம்பியில் கை வைத்து "பிடிச்சேன்" என்று சொன்ன பிறகுதான் இருந்தவள் எழுந்திருப்பாள். பட்டாணிக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. அவளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு "புடிச்சேன்" என்பாள்.

என் முறை வந்தது. நான் பயந்தபடியே அதே தாளோடு அதிகாரி வந்தார்.

"நீ யாரு?"

நான் பேசவில்லை.

"குழந்தைக்கு என்ன வேணும்? அத்தையா? அப்பன்கூடப் பிறந்தவதானே, நீ போட்டாலும் செல்லும். போடு."

நான் தரையைப் பார்த்தேன். அவருடைய செருப்பில் ஒரு வார் பிய்ந்திருந்தது.

"ஏம்மா, உன்னத்தான். காது கேக்காதா?"

இதற்கும் பதில் வராமல் போகவே, அவர் சிஸ்டரிடம் திரும்பி, "இது செவிடு போல. அந்த வாயாடி வந்தா சொல்லுங்க" என்று போய்விட்டார். சிஸ்டர் மருந்துத் தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். கீழே போய்ச் சொன்னதும் அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள். "உன் வாய்க்கு இவ்வளவு பவரா!"

எக்ஸ்பிரஸ் முறையின்போதுதான் தப்பு நடந்தது. கட்டில் தள்ளும் ஆள் இரண்டு பேரை அதிகாரி அனுப்பியிருக்கிறார். பிள்ளையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கட்டிலை நகர்த்தப் பார்த்தார்கள். எக்ஸ்பிரஸ் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நல்ல பலசாலி, அசைக்க முடியவில்லை. கடைசியில் ஒருவன் சலித்துப்போய், "விடு!" என்று அதட்டினான். அவ்வளவுதான். இருபது வருடப் பழக்கம். அவள் கை இரண்டும் பூப்போலத் திறந்துகொண்டன. கட்டில் உருண்டு போய்விட்டது.

எக்ஸ்பிரஸ் பட்டாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஓடி வந்தாள். "நான் விடலடி, கை விட்டுடுச்சு! அந்தக் கட்டையில போறவன் விடுன்னுட்டான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அண்ணி சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்தினாள். அவள் அதை நிறுத்தி நான் பார்த்ததில்லை. வேகமாகப் படியேறினாள். நானும் எக்ஸ்பிரஸும் பின்னாலேயே போனோம். கட்டில் ஸ்டோர் ரூம் வாசலில் சுவரோடு சாத்திக் கிடந்தது. மெத்தையைச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். அண்ணி மெத்தையை விரித்தாள். கையோடு கொண்டுவந்த இஸ்திரிச் சூடு ஆறாத விரிப்பைப் போட்டு, நான்கு மூலையும் இழுத்துச் செருகினாள். பட்டாணியைத் தூக்கி நடுவில் உட்கார வைத்தாள். பிறகு தள்ள ஆரம்பித்தாள். ஒரு சக்கரம் கோணி, காது கூசும்படி கிறீச்சிட்டது. நடைபாதையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தைகள் பிரிவின் கதவில் ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. சிஸ்டர் எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபக்கத் தாழ்ப்பாளையும் நீக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விட்டார்.

சத்தம் கேட்டு அதிகாரி வந்தார். பின்னாலேயே கண் டாக்டரும் வந்தார்.

"ஏம்மா, உனக்கு என்னதான் வேணும்? உன் ஒருத்தியால நான் தினமும் மேல பதில் எழுதிக்கிட்டு இருக்கேன். காத்திருக்கற குழந்தை ஒண்ணுன்னு கணக்குல வருது, காரணம் என்னன்னு கேக்கறாங்க."

காத்திருப்புப் பகுதி டிவியில் அமைச்சர் பேசியதை நாங்கள் எல்லாரும் கேட்டிருந்தோம். எந்தக் குழந்தைக்கும் சிகிச்சை மறுக்கப்படவில்லை, பெற்றோர்கள் அவர்களாகவே வீடு திரும்பினார்கள் என்றார்.

"அதுக்குத்தானே சார் உக்காந்திருக்கேன்" என்றாள் அண்ணி. "யாருக்கும் மறுக்கலன்னு அவரு சொல்றாரு. நானும் கையெழுத்துப் போட்டா அது உண்மையாயிடும். இவ இந்தக் கட்டில்ல இருக்கற வரைக்கும் அது பொய். நீங்க என்னை வேலைய விட்டு எடுங்க, கட்டில எடுங்க. தரையில படுத்துக்கறோம். தரையில காத்திருக்கற குழந்தை ஒண்ணுன்னு எழுதி அனுப்புங்க."

அவள் குரல் உயரவே இல்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் இவள் என்ன செய்வாள், கண்ணுக்கோ நாள் கடந்துகொண்டே போகிறதே என்றுதான் எனக்கு ஓடியது.

டாக்டர் அதிகாரியிடம், "காரணத்தை நான் எழுதித் தரட்டுமா சார்?" என்றார். "லென்ஸ் ஸ்டாக்குல இருக்கு, நான் இருக்கேன், தியேட்டர் சும்மா இருக்கு. பணம் ஒதுக்காததால மறுக்கறோம், அதனால ஒரு கண் போகப்போகுது. அப்படியே எழுதி என் கையெழுத்தும் போடறேன்."

அதிகாரி பட்டாணியைப் பார்த்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "புடிச்சேன்" என்றாள்.

"நாளைக்குக் காலைல லிஸ்ட்ல போடுங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் நல்ல கண்ணை மூடிவிட்டு ஒரு பந்தைக் காட்டினார். பட்டாணி கையைத் தட்டிவிடவில்லை. பந்தைப் பார்த்துக் கை நீட்டினாள். எக்ஸ்பிரஸ் ஓவென்று அழுதாள். அண்ணி அழவில்லை. பந்தை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லி டாக்டரைப் படுத்தி எடுத்தாள்.

அப்போது அதிகாரி கேமராக்காரர் ஒருவரோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அரசாங்கத் திட்டத்தில் சிகிச்சை பெற்ற குழந்தை என்று போடப் படம் வேண்டுமாம். பட்டாணி கையில் காப்பீட்டு அட்டையைக் கொடுத்து, அண்ணியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

அண்ணி அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எடுக்கலாம் சார். இன்னும் ஏழு பிள்ளைங்க வரணும். எல்லாரையும் வரிசையா உக்கார வெச்சு எடுங்க."

"அவங்களுக்கு இன்னும் பணம் வரலையேம்மா."

"அப்ப படமும் இன்னும் வரல."

கேமராக்காரர் சிரித்துவிட்டார். அண்ணி பட்டாணியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த தாய், போகும்போது போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். படியில் இறங்கும்போதே அண்ணி அவளைக் கூப்பிட்டாள்.

"நான்தான், ஜன்னலோரக் கட்டில். பிள்ளையத் தூக்கிட்டு நாளைக்கு வா. மத்தவங்களையும் கூட்டிட்டு வா. எங்கன்னா கேக்கற? கட்டில்லதான் வந்து உக்காரணும். பயமா இருந்தா இருக்கட்டும், உக்காந்துக்கிட்டே பயப்படலாம். நாங்க கட்டிலைப் பங்கு போட்டுப் பிடிச்சுக்கறோம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏழு கட்டில். உனக்கு ரெண்டு. பேச வேண்டாம், வழக்கம்போல தரையப் பாரு, போதும்."

"மூணு குடுங்க அண்ணி" என்றேன்.