முன் இருக்கையில் கண்மூடி இருந்தவர்

“அந்தம்மாகூட எப்டி சார் குப்ப கொட்றீங்க?”

மலைப் பேருந்தின் நடத்துநர் மாணிக்கம் என்னிடம் கேட்ட கேள்வி இது. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதே மாணிக்கம்தான் போன செவ்வாய்க்கிழமை காலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “சார், நம்ம பச்சையம்மா டீச்சர் தவறிட்டாங்க. தியாகதுருகத்துல வூட்லதான் வச்சிருக்காங்க. மூணு மணிக்கு எடுக்கறாங்களாம்.” பிறகு அவரே, “ஏதாவது பேசுங்க சார், ஒரு மாதிரியா இருக்குது” என்றார்.

டீச்சருடன் வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவர் எளிதில் பழகக்கூடியவர் அல்லர் என்பது உங்களுக்குத் தெரியும். நல்லவர் என்று மட்டும் எழுதிவிட்டால் அவரே எழுந்து வந்து திருத்துவார். ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் நாங்கள் இருவர் மட்டும். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே நீள அறை. அவர் ஒரு கோடியில், நான் மறுகோடியில். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் தன் வகுப்பை விட்டு நடந்து வருவார். என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, நான் எழுதியதைத் திருத்திவிட்டு, சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் பெருக்கல் கணக்கில் தவறிவிட்டேன். பிள்ளைகளே, “டீச்சர், சாரு தப்பா போட்டுட்டாரு!” என்று அவரைக் கூப்பிட்டார்கள். அன்று மதியம் நான் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதில்லை. பேருந்தில் சொன்னேன். கள்ளக்குறிச்சியில் ஏறினால், கச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதை. டீச்சர் முன் இருக்கையில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அவர் தூங்கியதும் நான் பின்னால் கதையைத் தொடங்குவேன். மாணிக்கம் சீட்டுக் கொடுத்து முடித்துவிட்டு வந்து நிற்பார். “நேத்து இன்னா சார் பண்ணாங்க?” ஒருநாள் டீச்சர் சாக்பீஸ் வாங்க வருகிற நடையை எழுந்து நடந்தே காட்டினேன். பேருந்தே சிரித்தது.

இரண்டாவது வருடம் மாறுதல் கேட்டு மனு எழுதினேன். நான் போனால் மாற்று ஆள் உடனே வரமாட்டார். ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும். தெரிந்தேதான் எழுதினேன். “நாளைக்கு ஆபீசுல குடுத்துடுவேன்” என்று பேருந்தில் மாணிக்கத்திடம் மனுவை எடுத்துக் காட்டினேன்.

நிறுத்தத்தில் இறங்கிச் சாமை விளையும் கொல்லைகளின் நடுவே அரை மணி நேரம் நடக்க வேண்டும். எப்போதும் விறுவிறுவென்று முன்னால் போய்விடுகிற டீச்சர் அன்று நின்றார்.

“எங்க, அந்த மனுவ குடுங்க.”

“எந்த மனு டீச்சர்?”

“நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு இருந்தீங்களா? மலை ஏறும்போது கண்ண தொறந்தா எனக்கு வாந்தி வரும். அதான் மூடிக்கிறது. காதுக்கு இன்னா மூடியா இருக்குது?”

இரண்டு வருடக் கதையும் எனக்குள் ஒருமுறை ஓடியது.

“பஸ்ஸுக்கே சொல்லிட்டீங்க. என்னாண்ட எப்ப சொல்லுவீங்க சார்?”

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. “பசங்க முன்னாடி போர்டுல திருத்தாதீங்க டீச்சர். அவமானமா இருக்குது” என்றேன்.

“தப்பு இருந்தா?”

“இன்டர்வெல்ல சொல்லுங்க.”

“அவ்ளோதானா? இதுக்கா ரெண்டு வருசம் நாடகம் போட்டீங்க?” கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பாமலே சொன்னார்: “என்ன மாதிரி நடந்து காட்டனீங்களே, அன்னிக்கி எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கி வாந்தி வந்தா வரட்டும்னு கண்ண தொறக்கலாம்னு பாத்தேன். முடியல சார்.”

மன்னிப்புக் கேட்டேன். மனுவையும் எடுத்து நீட்டினேன். அவர் அதை முழுதாகப் படித்து, “தேதி தப்பா இருக்குது” என்று திருப்பிக் கொடுத்தார். நான் அதை எங்கும் கொடுக்கவில்லை.

அதன்பிறகு ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அவர் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனால் என் கரும்பலகையை அதன்பின் தொடவில்லை. தவறு கண்டால் என் மேசையில் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்துவிட்டுப் போவார். இடைவேளையில் துண்டோடு போய் நிற்பேன். சொல்வார். சில நாள் மூன்று துண்டுகள் இருக்கும்.

“இன்னிக்கி ஜாஸ்தி சார்.”

“நாளைக்குக் கம்மி பண்ணிக்கிறேன் டீச்சர்.”

பேருந்தில் நான் அவருக்குப் பக்கத்து இருக்கைக்கு மாறினேன். மாணிக்கத்துக்குத்தான் பொழுது போகவில்லை.

செவ்வாய்க்கிழமை தியாகதுருகம் போனேன். டீச்சர் கண்மூடிப் படுத்திருந்தார். தலைமாட்டில் நின்ற இருவர், “ரொம்ப கறாரான அம்மா, யாராண்டயும் ஒத்துப்போவாது” என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னையறியாமல், “மெதுவா பேசுங்க. அவங்களுக்குக் கேக்கும்” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மாணிக்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்விதான்: “என்னாண்ட எப்ப சொல்லுவீங்க?” உங்களுடன் வேலை செய்கிறவர்களில் யாரைப் பற்றி வெளியே அதிகம் பேசுகிறீர்களோ, நாளைக்கு அவரிடமே போய், அந்தக் குறையை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்.