முகூர்த்த நேரத்தில் மோடம்

பிங் என்றொரு கட்டளை உண்டு. கறுப்புத் திரையில் அதைத் தட்டிவிட்டால், தூரத்திலிருக்கும் ஒரு கணினியை “இருக்கிறாயா, இருக்கிறாயா” என்று விடாமல் கூப்பிடும். இணைப்பு இருந்தால் ஒரு வரி பதில் வரும். அறுந்திருந்தால் ‘டைம் அவுட்’. நாவலூர் ஆபீஸில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பல் தேய்ப்பது போல அன்றாட வேலை. அதைப் பார்த்து நான் பயந்தது ஒரே ஒரு காலையில், செம்பாக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில்தான்.

கல்யாணம் என் சிநேகிதனின் தங்கைக்கு. அவன் என்னோடு வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனவன். அப்பா இல்லாத வீடு. தங்கையைப் படிக்கவைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் அவன்தான். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். கிளம்பி வந்தால் திரும்பிப் போவது சந்தேகம். “தாலி கட்றத மட்டும் எப்படியாவது காட்டிடு மச்சான், வேற எதுவும் வேணாம்” என்றான். இதென்ன பிரமாதம் என்று ஒப்புக்கொண்டேன்.

மண்டபத்து டெலிபோன் வயரை மேடைக்கு எதிரே ஒரு தூண்வரை இழுத்து, மேசை போட்டு, மோடம், லேப்டாப், வெப் கேமரா எல்லாம் வைத்தேன். முந்தின நாள் மாலை சோதித்தபோது படம் ஒழுங்காகப் போனது. முகூர்த்தத்தன்று விடிந்ததும் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். மாப்பிள்ளை மேடைக்கு வந்தபோது இணைப்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக வந்தது. பெண் வந்து உட்கார்ந்ததும் மறுபடி அறுந்தது.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். வேறு கேபிள் மாற்றினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். இணைய நிறுவனத்துக்கு போன் செய்து, அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் ஆட்களுக்கே உள்ள வியாதி இது. கோளாறு எதுவானாலும் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கும் என்று நம்பி, அதையே குடைந்துகொண்டிருப்போம். “வந்துடுச்சுடா… ஐயோ, போச்சுடா” என்று செல்போனில் அமெரிக்காவிலிருந்து அவன் குரல் தவித்தது.

என் நாற்காலிக்குப் பக்கத்தில், தூணை ஒட்டி, அவனுடைய அம்மா நின்றிருந்தார். பெற்றவர்கள் இடத்தில் மேடைமேல் சித்தப்பாவும் சித்தியும். கணவரை இழந்தவர் தாலி கட்டும்போது முன்னால் வரக்கூடாதாம். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு அன்று வந்த எரிச்சல் இன்றும் தணியவில்லை. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக எல்லாரிடமும் போனது. தூணருகே வந்து அப்படியே திரும்பியது. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. “புள்ள பார்க்கறானா தம்பி?” என்றார். “இதோம்மா” என்றேன். எத்தனை ‘இதோம்மா’ சொல்லியிருப்பேனோ.

வியர்வையைத் துடைக்கத் தலையை நிமிர்த்தினேன். மேலே ஓடிய ஃபேன் தளர்ந்து சுற்றியது. அதே நேரம் மேடை வெள்ளைவெளேரென்று ஆனது. குனிந்தால், மோடத்தின் விளக்குகள் மொத்தமும் அணைந்து கிடந்தன.

சட்டென்று பிடிபட்டது. வீடியோக்காரர் தன் பெரிய லைட்டைப் போடும்போதெல்லாம் கிழட்டு ஜெனரேட்டர் திணறியது, மோடம் செத்தது. லைட்டை அணைத்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். வந்தாலும் இணைப்பு கிடைக்க ஒன்றிரண்டு நிமிஷமாகும். ஆபீஸில் கரண்ட் தடுமாறினாலும் தாங்கும் யுபிஎஸ் அடுக்கடுக்காகக் கிடந்தது. இங்கே ஒன்றுகூட இல்லை.

ஓடினேன். “அண்ணா, லைட்ட கொஞ்சம் அணைங்களேன். அது எரிஞ்சா அமெரிக்காவுக்குப் படம் போக மாட்டேங்குது.”

“இன்னா சார் பேசற? தாலி கட்ற டைம்ல லைட்ட ஆஃப் பண்ணா சிடில இன்னா தெரியும்? நாளைக்கு என் சட்டையத்தான் புடிப்பாங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேடையிலிருந்து சித்தப்பா, “லைட்டு இருக்கட்டும், நீ போ தம்பி” என்று கையை வீசினார். மந்திரம் வேகம் பிடித்துவிட்டது.

அப்போதுதான் அம்மா தூணை விட்டு வெளியே வந்தார். அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவே நேராக மேடைக்கு முன்னால் போய் நின்றார். “அக்கா, நீங்க…” என்று யாரோ இழுத்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“லைட்ட அணைப்பா. சிடிய பார்க்கப் போறது நான்தானே? இருட்டா இருந்தா இருக்கட்டும். உன்னை யாரும் கேக்க மாட்டாங்க.”

வீடியோக்காரர் ஒரு கணம் சித்தப்பாவைப் பார்த்தார், அப்புறம் அம்மாவைப் பார்த்தார். லைட் அணைந்தது. ஃபேன் வேகமெடுத்தது. மோடத்தில் முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஐயர் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, மேளக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எரிந்து தொலையேன் என்று வாய்விட்டே திட்டினேன்.

எரிந்தது. பிங்கில் ஒரு வரி பதில், பிறகு இன்னொரு வரி. படத்தைத் திறந்துவிட்டேன். கெட்டிமேளச் சத்தத்தில் போனில் எதுவும் கேட்கவில்லை. லேப்டாப்பின் சாட் பெட்டியில், ஆங்கில எழுத்தில் அடித்த ஒரே ஒரு தமிழ்ச் சொல் வந்து விழுந்தது: தெரியுது. “பார்க்கறான்மா!” என்று அவர் காதில் கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிடி வந்த பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனபோது, யாரோ விருந்தாளிக்கு அதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டும் இடத்தில் டிவி இருண்டு, உருவங்கள் நிழலாக அசைந்தன. “முக்கியமான இடத்துல கோட்டை விட்டுட்டானே வீடியோக்காரன்” என்றார் விருந்தாளி.

“அவரை ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்த இடத்துலதான் என் புள்ள பார்த்துட்டு இருந்தான்.”