வில்லினாவின் ஜாடி

ஸ்பே ஆற்றில் சால்மன் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தூண்டிலுக்குப் பொய் ஈ கட்டிக் கொடுத்தவள் வில்லினா குரூவர். கொக்கியைப் பிடிக்க அவளுக்கு இடுக்கி வேண்டாம், இடது கை விரல்கள் இரண்டு போதும். கம்பளி நூலில் உடம்பு, அதன் மேல் வெள்ளிச் சரிகை, சுற்றிலும் சேவலின் வால்பக்க இறகு. அவளுடைய ஈக்கு உடம்பு மட்டும் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு நிறம். வேறு யாருக்கும் அது வரவில்லை. எப்படி வருகிறது என்று கேட்டால், "பாதிரியாரைப் போய்க் கேளு" என்பாள். சாயப் பக்குவத்தை எங்கள் ஊரில் ஈ கட்டுகிறவர்கள் யாருமே வெளியே சொல்வதில்லை.

எண்பத்தொரு வயதில் இடுப்பு எலும்பு உடைந்தது. வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான்; வாரத்துக்கு இரண்டு நாள் போய்க் குளிப்பாட்டி, புண் துடைத்து வந்தேன். அவள் தன் வாடகை வீட்டிலேயே இருக்கலாமா, முதியோர் விடுதிக்கு அனுப்பவேண்டுமா என்று அந்த மாதம்தான் கவுன்சில் அதிகாரிகள் முடிவு செய்ய இருந்தார்கள். அதற்கு என் குறிப்பு வேண்டும்.

அடுப்புக்குப் பின்னால் மூடிய ஜாடி ஒன்று இருந்தது. திறந்தேன். மூத்திரம், பல வாரத்துப் பழசு, அதில் ஏதோ கறுத்த குப்பை. கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன்.

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தாள். "அடியே மோரக், ஜாடி எங்க?"

"கொட்டிட்டேன். இதையெல்லாமா சேத்து வைப்பீங்க?"

"என் மூத்திரம், என் ஜாடி. உன் வீட்லயா வந்து வச்சேன்?"

"நாத்தம் தாங்கலம்மா."

"நாத்தம் தாங்காதவளுக்கு நர்ஸ் வேலை எதுக்குடி?"

என் குறிப்பில் 'மூத்திரத்தைச் சேர்த்து வைக்கிறார், புத்தி நிதானத்தில் இல்லை' என்று எழுதினேன். விசாரிக்க வந்தவர்களிடமும் ஜாடி எதற்கென்று அவள் சொல்லவில்லை. விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டை ஒழிக்க உதவப் போனபோது, நூல்கண்டுகளுக்கு அடியில் அவள் அம்மாவின் கையெழுத்தில் சாயப் பக்குவ நோட்டு ஒன்று கிடைத்தது. பாறையிலிருந்து சுரண்டிய பாசியைப் பழைய மூத்திரத்தில் ஊறப்போட்டு, அடுப்போரம் மூன்று வாரம் வைத்து, தினமும் கிளறவேண்டும். கடைசிப் பக்கத்தில் வில்லினா பென்சிலால் எழுதியிருந்தாள்: 'இன்னும் நாலு நாள்.'

தப்பாக எழுதிவிட்டேன் என்று மறுநாளே கவுன்சிலுக்குக் கடிதம் போட்டேன். அதற்குள் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். கூரானது எதுவும் கூடாது என்று அவளுடைய கொக்கிகளை வாங்கி வைத்திருந்தார்கள். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன். நான் எழுதினது தப்பு, வில்லினா. அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்டியா? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அது வேற."

அப்போது பணிப்பெண் ஒருத்தி அவளுடைய படுக்கைப் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். வில்லினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்படித்தான்டி. எவ்வளவு சாயம் வீணாப் போவுது, பாரு."