இரண்டு குச்சிக் கார்டு

விசிட்டிங் கார்டு அச்சடிக்கிற கார்டுக்காரர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். இதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைப்பதென்ன, கடைக்கு வருகிறவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து அவரே எடுத்துச் சொல்வார். பெயருக்குப் பின்னால் முழ நீளத்துக்குப் பட்டம் வைத்திருக்கும் டாக்டரும் வக்கீலும்கூட, அந்தப் பட்டத்தை அழகாக அச்சடித்துக்கொள்ள இந்த அஞ்சாம் வகுப்புக்கு எதிரில்தான் வந்து உட்கார வேண்டும் என்பதில் அவருக்கு அப்படியொரு திருப்தி.

பெருமைப்பட விஷயமும் இருந்தது. பன்னிரண்டு வயதில் ஓர் அச்சகத்தில் காகிதக் கட்டுச் சுமக்கச் சேர்ந்தவர். பல வருஷம் கழித்து அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, முதலாளி அதைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம் என்று சட்டம் போட்டார். இவருக்கு உள்ளே போகவே அனுமதி இல்லை; கண்ணாடியை வெளியிலிருந்து துடைக்கும் வேலை மட்டும். துடைத்தார். ஒரு வருஷம் துடைத்துக்கொண்டே பார்த்தார். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் மேல் வரிசையில் நாலாவது சொல்லைத் தட்டினால் ஒரு பட்டியல் இறங்கும், அதில் ஏழாவது வரியைத் தட்டினால் எழுத்து வெறும் வளைகோடாக மாறி இழுத்த இழுப்புக்கு வரும் என்று கண் படித்துவிட்டது. கம்ப்யூட்டரில் உட்காருகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாள், முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். துணியும் கையுமாக நின்ற இவர், நான் உட்காரட்டுமா என்று கேட்டார்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். இன்றைக்கு வயது அறுபத்தொன்று. சொந்தக் கடை, இரண்டு கம்ப்யூட்டர், பின் அறையில் கலர் பிரிண்டர், கட்டிங் மெஷின். கடைத்தெருவின் இந்த முனையில் சாவி வெட்டுகிறவரில் தொடங்கி அந்த முனைப் பல் டாக்டர் வரை முப்பத்தேழு கடைகளின் லோகோ அவர் கைவேலை. நம்பாதவர்களைக் கூடவே நடத்திக் கூட்டிப்போய் எண்ணிக் காட்டுவார்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் அவருக்கென்று ஒரு வழி உண்டு. ஆங்கில எழுத்தைத் தேடித் தேடித் தட்டிப் பெயர் வைப்பது மெனக்கெட்ட வேலை. அதனால் முதல் வடிவத்துக்கு 1 என்று ஒரு குச்சி. திருத்தினால் 11, இரண்டு குச்சி. மறுபடி திருத்தினால் மூன்று குச்சி. குச்சி கூடக் கூட வேலை சுத்தம் என்பது அவர் கணக்கு.

அவருடைய மனைவியின் தங்கை ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினேழு வருஷமாகக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டை இல்லை, காலர் மட்டும். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்றே மறந்துபோச்சு அத்தான் என்று சிரிப்பாள். ஆனால் வீட்டு மெஷினில் அவள் தைத்த பாவாடையும் ரவிக்கையும் போட்டுக்கொண்டு போனால், தெருவில் நாலு பேர் நிறுத்தி எங்கே தைத்தது என்று கேட்பார்கள். காலை ஏழு மணிச் சங்கு ஊதும்போது அவள் தொழிற்சாலைக்குள் இருக்க வேண்டும். வெளியே வர இருட்டிவிடும். அவளுடைய ஒரே மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டின வீட்டின் படியில் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகள் வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

இதைக் கேட்டுச் சும்மா இருக்க கார்டுக்காரரால் முடியுமா? வீடு தேடிப் போய் அளவு எடுத்து, தைத்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற தையல். கடை வேண்டாம், வாடகை வேண்டாம், ஒரு போன் நம்பர் போதும் என்று திட்டம் போட்டதே அவர்தான்.

"நீ லீவு மட்டும் போடு. மீதிய என் கார்டு பாத்துக்கும்," என்றார்.

அவள் ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு போட்டாள். ஒன்றாம் தேதி ஏழு மணிச் சங்குக்கு உள்ளே இல்லையென்றால் அவள் மெஷினில் வேறு ஆள் உட்காரும் என்று மேற்பார்வையாளர் எழுதியே வாங்கிக்கொண்டார்.

அந்தக் கார்டுக்குக் கார்டுக்காரர் உயிரைக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும். பெயர் 'தையலகம்'. முதல் எழுத்தான தையில் முன்னால் நிற்கும் இரட்டைச் சுழி இருக்கிறதே, அதைப் பிரித்தெடுத்து நூலாக்கினார். நூல் இரண்டு சுற்றுச் சுற்றி, த என்ற எழுத்துக்கு அடியில் ஓடி, கடைசியில் ஓர் ஊசியின் காதுக்குள் நுழைந்தது. புள்ளி புள்ளியாக இழுத்து வளைத்து அதற்கே இரண்டு நாள். பின்பக்கத்துக்கு ஓரத்தில் ஒரு பூங்கொடி வேண்டும் என்று தோன்றியது. புதிதாக வரைய வேண்டியதில்லை. அவரிடமே ஒன்று இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சவப்பெட்டி செய்கிறவர் ஒருவருக்குக் கார்டு போட்டபோது, துக்க வீட்டுக்காரர்கள் கையில் போகிற அட்டையாயிற்றே என்று அமைதியான வெள்ளைப் பூக்களாக ஒரு கொடி வரைந்திருந்தார். அவர் வரைந்ததிலேயே நல்ல பூ அதுதான். ஆனால் அந்தக் கார்டை வாங்குகிறவர்கள் பூவைப் பார்க்கிற நிலையிலா இருப்பார்கள்? நல்ல இடத்தில் நாலு பேர் பார்க்கட்டும் என்று, அந்தக் கார்டையே திறந்து இதற்கு அடித்தளமாக்கிக்கொண்டார். கொழுந்தியாளிடம் அதைச் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவே இல்லை.

ஒரு குச்சியில் பூவுக்கு ரோஜா நிறம் ஏறியது. இரண்டு குச்சியில் தையல் விவரமெல்லாம் வந்தது. மூன்று குச்சியில் நம்பரும் மாறியது. கொழுந்தியாள் வந்து, தொழிலுக்கென்று வாங்கிய புது நம்பரைத் துண்டுச் சீட்டோடு ஒத்துப் பார்த்துச் சரி என்றாள். கிளம்பும்போதுதான், பூ மட்டும் கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லாயிருக்கும் அத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அதற்கென்ன என்று மறுபடி ஃபைலைத் திறந்து, பூவைப் பெரிசாக்கி, அச்சுக்கு விட்டார். ஆயிரம் கார்டு. வெட்டி, கட்டி, நாடா போட்டுக் கையில் கொடுத்தார்.

அம்மாவும் மகளுமாக மூன்று நாள் தெருத் தெருவாக நடந்து வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். அப்புறம் அவள் புது போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

போன் அடிக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். நடுவில் ஒரே ஒருமுறை அடித்தது. பாய்ந்து எடுத்தால் போன் கம்பெனியின் விளம்பரம். கார்டுக்காரரின் மனைவி சாப்பாடு போடும்போதெல்லாம் கரண்டியின் சத்தத்தைக் கூட்டினாள். என் தங்கச்சி உங்க கார்ட நம்பித்தான் லீவு போட்டா, ஞாபகம் இருக்கட்டும் என்று ஒருநாள் சொல்லியும்விட்டாள். இவர் வாய் மட்டும் குறையவில்லை. ஜனங்களுக்குப் புத்தியில் ஏற நாள் பிடிக்கும், இன்னொரு ஆயிரம் போட்டால் எகிறிவிடும் என்றார்.

இருபத்தேழாம் தேதி கொழுந்தியாள் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"கார்டுல ஒரு குத்தமும் இல்ல அத்தான். யாருகிட்டக் காட்டினாலும் அழகா இருக்குன்னுதான் சொல்றாங்க. நான்தான் காலருக்கு மட்டும் லாயக்கு போல," என்றாள். ஒன்றாம் தேதி வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அன்று பகல் முழுக்க அவரால் மவுஸைத் தொட முடியவில்லை.

மறுநாள் காலை, சவப்பெட்டி செய்கிறவர் வந்தார். பெட்டிக்காரர் என்றால் ஊருக்கே தெரியும். மரத்தூள் படிந்த சட்டை, காதில் தட்டைப் பென்சில். யார் கடைக்கும் உள்ளே போக மாட்டார். தன்னைப் பார்த்தால் மற்றவர்கள் முகம் மாறும் என்று தெரிந்து, வாசற்படிக்கு வெளியிலேயே நின்று பேசுகிறவர். அன்றும் வெளியிலேயே நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, பூ உங்களோடது, நம்பர் என்னோடது. கூப்புடுறவங்க யாரோடவங்கன்னு சொல்லுங்க, ஒப்படைச்சுட்டுப் போறேன்."

கார்டுக்காரர் கார்டை வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டருக்கு ஓடினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்று குச்சியைத் திறக்கிறேன் என்று அன்று இரண்டு குச்சியைத் திறந்திருக்கிறார். பூ பெரிசாகியிருந்தது, தையல் விவரம் சரியாக இருந்தது. கீழே நம்பர் மட்டும் நாலு வருஷத்து நம்பர். அவள் நம்பர் புதுசு, யாருக்கும் மனப்பாடம் இல்லை. ஆயிரம் கார்டும் பெட்டிக்காரரின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நடந்ததைப் பெட்டிக்காரர் படியில் நின்றபடியே சொன்னார். முதல் நாள் ஒரு பெண் கூப்பிட்டு, கார்டைப் பார்த்தேன், தைக்கிற இடமா என்று கேட்டாளாம். இல்லம்மா, இது பெட்டிக் கடை என்றாராம். மிட்டாய் விற்கிற கடையா என்று அவள் கேட்க, அந்தப் பெட்டி இல்லம்மா, கடைசிப் பெட்டி என்று இவர் விளக்க, அவள் அலறிப் போனைக் கீழே போட்டது காதில் கேட்டதாம். நம்பரைத் தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து அவளே மறுநாள் மறுபடி கூப்பிட்டபோதுதான், கல்யாணப் பெண்ணின் அம்மா என்று தெரிந்ததாம். பெட்டிக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. எவளோ ஒருத்தி பிழைக்கப் போட்ட கார்டு, நம் தொழில் பெயரைக் கேட்டால் அவள் பிழைப்பு முளைக்கும் முன்னாலேயே கருகிவிடுமே என்று யோசித்தார். கார்டில் முகவரி இல்லையென்று பின்னால் கூப்பிட்டவர்கள் சொன்னார்கள்; தேடிப் போகவும் வழியில்லை. அடுத்த அழைப்பிலிருந்து தன் தொழிலைச் சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்லுங்கம்மா என்று மட்டும் ஆரம்பிப்பார். பெயர், நம்பர், என்ன தைக்க வேண்டும், எப்போது வேண்டும் என்று எழுதிக்கொள்வார். தையல்காரம்மாவுக்கு இந்த மாதம் கை நிறைய வேலை, முடிந்ததும் அவங்களே கூப்பிடுவாங்க என்று சொல்லிவைப்பார். நேற்றுத்தான் தன் அக்கா வீட்டு ஜன்னலில் அந்தக் கார்டு செருகியிருப்பதைப் பார்த்தாராம். தினமும் தன் பட்டறை மேஜையில் பார்க்கிற பூ. நிறம் மாறினால் தெரியாதா?

நோட்டை நீட்டினார். முன்பக்கமெல்லாம் அவர் தொழில்: நீளம், அகலம், பலகை. திருப்பிப் பிடித்தால் பின்னாலிருந்து தையல். நாற்பத்துமூன்று பேர். அவசரம் உள்ளவர்களுக்கு நேராகத் தட்டைப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

கார்டுக்காரர் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கடையைக்கூடப் பூட்டாமல் கொழுந்தியாள் வீட்டுக்கு நடந்தார். இரண்டு தெருதான். அந்த இரண்டு தெருவுக்குள் அவர் மனசு நாலு பொய் தயாரித்தது. அதில் நல்ல பொய், கம்ப்யூட்டரில் வைரஸ் என்பது. சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் உள்ளே நுழைந்தபோது அவள் தொழிற்சாலைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பொய் நாலும் வாசலிலேயே நின்றுவிட்டன.

"தப்பு என்னோடதும்மா. ரெண்டு குச்சிய மூணு குச்சின்னு அச்சடிச்சுட்டேன், உன் நம்பருக்குப் பதிலா பெட்டிக்காரர் நம்பர் போயிடுச்சு. நீ ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவ இல்ல. நாப்பத்துமூணு பேர் உன்னக் கூப்புட்டிருக்காங்க," என்றார். அறுபத்தொரு வயதில் அவர் வாயிலிருந்து 'தப்பு என்னோடது' என்று ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு சாகவில்லை என்பதே அவருக்கு ஆச்சரியம்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நோட்டை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள்.

"எங்கக்காவுக்கு மாப்பிள்ளை பாத்தப்பவே அப்பா சொன்னாரு," என்றாள் கடைசியில். "பையன் பெரிசாப் படிக்கல, ஆனா எண்ணிக்கையில கெட்டின்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். உடனே பெருக்கல் குறி போட்டவர்களிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். பதினான்கு பேர் காத்திருந்து அலுத்து வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். இருபத்தொன்பது பேர் வரச் சொன்னார்கள். அவ்வளவு பிஸியாமே நீங்க, இப்பவாவது நேரம் கிடைச்சுதே என்று சிலர் அவளிடமே நன்றி சொன்னார்கள். அலறிப் போனைப் போட்ட அந்தக் கல்யாண வீட்டு அம்மா உட்பட. சீருடை பாதி இஸ்திரியோடு மறுபடி பெட்டிக்குள் போயிற்று.

அன்று சாயங்காலம் கார்டுக்காரர் பெட்டிக்காரரின் பட்டறைக்குப் போனார். என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. காலம் முழுக்க உங்களுக்குக் கார்டு இலவசம் என்றார். போட்டுக் கொடுத்ததிலேயே தொள்ளாயிரம் அப்படியே இருக்கு, என் கார்ட யாருண்ணே ஆசையாக் கேட்டு வாங்குறாங்க என்றார் அவர். நம்பர் திருத்தி அச்சடித்துப் பழைய கார்டையெல்லாம் திரும்ப வாங்கிவிடுகிறேன், இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்றும் இவர் சொல்லிப் பார்த்தார். பெட்டிக்காரர் இழைத்துக்கொண்டிருந்த பலகையைக் கையால் தடவிக்கொண்டே நின்றார்.

"அதெல்லாம் திரும்ப வாங்க வேணாம்ண்ணே. முப்பது வருஷமா என் போன எடுத்தா அந்தப் பக்கம் அழுகைதான் கேக்கும். இந்த மூணு வாரமா ஒருத்தர் கல்யாணம்ங்கிறாங்க, ஒருத்தர் குழந்தைக்குச் சட்டைங்கிறாங்க. வர்றது வரட்டும், எழுதித் தர்றேன்."

கார்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். எல்லோரையும்விடத் தானே உயர்ந்தவன் என்று எவ்வளவோ நாள் நடந்த தெருவில், இப்படி ஓர் ஆள் படிக்கு வெளியிலேயே நின்றிருக்கிறாரே என்று மனைவியிடம் சொன்னார். அவள் அன்று கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

ஒன்றாம் தேதி காலை தையலகத்தின் முதல் துணியை வெட்ட வேண்டும். முதல் உருப்படி பெட்டிக்காரருக்குத்தான் என்று கொழுந்தியாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். சட்டைத் துணி கார்டுக்காரர் எடுத்துக் கொடுத்தது. பெட்டிக்காரர் பதறிப்போனார். நல்ல காரியத்தை என்னைக் கொண்டு தொடங்காதீங்கம்மா, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க என்றார். பேசுறவங்க யாராவது எனக்கு நாப்பத்துமூணு பேர் பேரை எழுதிவச்சாங்களா அண்ணே என்று கேட்டுக்கொண்டே அவள் டேப்பை உதறி விரித்தாள்.

பட்டறை நடுவில், சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவலுக்கு மேல் அவர் கூச்சத்தோடு நின்றார். டேப் தோளில் விழுந்த நேரத்தில் தொழிற்சாலையின் ஏழு மணிச் சங்கு ஊதியது. அவள் கை ஒரு நொடி நின்றது. சங்கு ஓய்ந்ததும் டேப்பை மறுபடி இழுத்துப் பிடித்தாள்.

"அசையாம நில்லுங்கண்ணே," என்றாள் பிறகு.

"என்கிட்ட வர்றவங்க யாருக்கும் இதச் சொல்ல வேண்டி வந்ததில்லம்மா," என்றார் பெட்டிக்காரர்.

அவள் சிரித்த சிரிப்பில் டேப் நழுவிவிட்டது. மறுபடி வைத்து, தோள் பதினெட்டு என்றாள். நோட்டும் தட்டைப் பென்சிலுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த கார்டுக்காரர் எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டு அடுத்த அளவுக்குக் காத்திருந்தார்.