தேவகுமாரி கொண்டுவந்த ஏழு தடிகள்

காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கியபோதும் தேவகுமாரிக்கு வயிற்றுக் குமட்டல் அடங்கவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து வரும் வழியெல்லாம் கடல் அப்படி ஆட்டியிருந்தது. ஆனாலும் தோளில் தொங்கிய பையை அவளுடைய ஒரு கை விடவேயில்லை. பைக்குள் கலியாண வீட்டில் கொடுத்த பட்டுச் சேலை இருந்தது. சேலை மடிப்புக்குள் ஓர் ஈரத் துவாய். துவாய்க்குள் பென்சில் மொத்தத்தில் ஏழு திராட்சைத் தடிகள்.

சுங்க மேசையில் இருந்தவள் இளம் அதிகாரி. அவளுக்குப் பின்னால் சுவரில் மூன்று மொழிகளிலும் எழுதிய பலகை ஒன்று தொங்கியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் செடி, விதை, பழம், மண் எதையும் நாட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. தேவகுமாரி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அன்ரி, கண்டு, தடி, விதை ஏதும் இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை. கலியாண வீட்டுப் பலகாரந்தான்."

"மண் கிண் பட்ட சாமான்?"

"சீ, இல்லை."

"அப்ப போங்கோ அன்ரி. நல்லாக் களைச்சுப்போனியள் போல கிடக்கு."

அந்தக் கடைசிச் சொல்தான் பிறகு மாதக்கணக்காக அவளைக் குடைந்தது. பையைக் கொட்டிப் பார்த்து நாலு பேருக்கு முன்னால் ஏசியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. அந்தப் பிள்ளை அவளை நம்பி, இரக்கமும் பட்டு அனுப்பிவிட்டாள்.

தேவகுமாரி பொய் சொல்லுகிற ஆள் இல்லை. தெல்லிப்பழைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவளைத் தெரிந்த எவரும் அதைச் சொல்லுவார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமையில் வேதக் கோயில் பீடத்துக்குப் பூ வைப்பதும் அவள்தான். சட்டைத் துணியில் அரை முழம் மிஞ்சினாலும் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

1990இல் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தபோது வளவில் கூரையில்லாத சுவரும் ஆளுயரப் பற்றையும்தான் இருந்தன. அவளுக்கு முதல் திரும்பியிருந்தவர்கள் ஆளுக்கொரு தடி கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஊரில் செடிக்குப் பெயர், கொடுத்தவரின் பெயர்தான். அவளுடைய வளவில் றொசாந்தி செவ்வரத்தை நின்றது. மகாதேவி நந்தியாவட்டை நின்றது. படலையடியில் பூக்கிற ரோசாவுக்கு, அதைக் கொடுத்த ஜொய்சி கனடாவுக்குப் போன பிறகும் ஜொய்சி ரோசா என்றே பெயர்.

ஆனால் ஊரில் ஒரு வளவிலும் தேவகுமாரியின் பெயரில் ஒரு செடி இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் ஊரார் கொடுத்தவை. அவர்களிடம் இல்லாத ஒன்றை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு நெடுநாளாக இருந்தது. சிறிய ஆசைதான். அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

தங்கை றெபேக்கா அகதியாகப் போய்த் தேனிப் பக்கத்தில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டாள். அவளுடைய மகளின் கலியாணத்துக்குப் போன இடத்தில்தான் வீட்டுக்குப் பின்னால் அந்தத் திராட்சைப் பந்தலைத் தேவகுமாரி கண்டாள். விதையே இல்லாத பழம்.

"நாலு தடி வெட்டிக்கொண்டு போவன் அக்கா. ஆர் பாக்கப்போயினம்?" என்றாள் றெபேக்கா.

தேவகுமாரி நாலு என்று தொடங்கி ஏழு வெட்டினாள்.

வீட்டுக்கு வந்து துவாயை விரித்தபோது இரண்டு தடிகளின் கணுவில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. துவாய்ப் பஞ்சு என்று நினைத்துப் பெருவிரலால் துடைத்தாள். அது பிசுபிசுத்தது. விரலில் இளஞ்சிவப்பாக ஒரு கறை பட்டது. பஞ்சு பிசுபிசுக்காது, சிவக்கவும் மாட்டாது. தையல்காரியான அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? அவள் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பி வந்து தடிகளைச் சாடிகளில் ஊன்றினாள். அவ்வளவுதான்.

ஐந்து தடிகள் வேர்விட்டன. ஒன்றைத் தன் வளவில் நட்டாள். மற்ற நாலையும் கோயிலின் அறுவடைப் பண்டிகைக்குக் கொடுத்தாள். ஊரார் கொண்டுவரும் வாழைக்குலை, பூசணி, முட்டை, பூஞ்சாடி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் கூறுவார்கள். கூறுகிறவர் அன்புராஜா. சைவக்காரரும் அன்றைக்கு வருவார்கள். கூப்பிட வேண்டிய தேவையே இல்லை.

"இஞ்சை பாருங்கோ, விதையில்லாத முந்திரிகை!" என்று அன்புராஜா ஒரு சாடியைத் தலைக்கு மேலே தூக்கினார். அங்கே திராட்சைக்கு முந்திரிகை என்றுதான் பேச்சு. "பல்லில்லாத ஆக்களும் பயமில்லாமல் சாப்பிடலாம். பொன்னம்பலமண்ணை, உங்களுக்கெண்டே கப்பலேறி வந்த சாமான்!"

சும்மா பகிடிக்குச் சொன்னதுதான். கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் தேவகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல் உன்ரை வாயிலை எத்தினை பல்லு கிடக்கெண்டு எண்ணடாப்பா!" என்று பின்னாலிருந்து பொன்னம்பலம் குரல் கொடுத்தார். முற்றமே சிரித்தது. அவர் தேவகுமாரியின் வேலிக்கு மற்றப் பக்கத்துக்காரர். ஆறு பரப்புக் காணியில் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தார். விட்டுக்கொடுக்காமல் கேட்டு ஒரு சாடியை எடுத்துக்கொண்டார்.

போகும்போது, "நல்ல இனமாக் கிடக்கு. எங்காலை எடுத்தனீர்?" என்று கேட்டார்.

"அரியாலையிலை, ஒரு சிநேகிதி வீட்டிலை அண்ணை."

வாயில் அது தானாகவே வந்தது. பொழுதுபடுவதற்குள் அந்த நாலு சாடிகளுக்கும் பெயர் வைத்தாயிற்று. தேவகுமாரி முந்திரிகை. வீட்டுக்கு வந்து அவள் அந்தப் பெயரைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

அடுத்த காய்ப்பில் பொன்னம்பலத்தின் பந்தலில் வெள்ளை விழுந்தது. முதலில் மூலையில் நின்ற புதுக்கொடியில். பிறகு அதற்குப் பக்கத்துக் கொடியில். பிறகு குலைகள் எல்லாம் மாவில் புரட்டியெடுத்தவை போலாயின. எறும்பு சாரை சாரையாக ஏறியது. இலைகளில் கரிபோல ஒரு கறுப்புப் படர்ந்தது. மருந்து அடித்தார், மூன்றாம் நாள் திரும்ப வந்தது.

ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் குணலட்சுமியின் காணி. புருசன் இல்லாதவள். இருபத்திரண்டு பப்பாசி மரம் வைத்துச் சுன்னாகம் சந்தைக்குப் பழம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மரங்களுக்குத் தண்ணீர் பொன்னம்பலத்தின் கிணற்றிலிருந்து வந்தது. அவளுடைய மரங்களிலும் கொஞ்சம் வெள்ளைப் பூச்சி இருந்தது. பப்பாசிக்கு அது எப்போதும் வந்து போவதுதான்.

விவசாயப் போதனாசிரியர் செந்தூரன் வந்து பார்த்த அன்று, யன்னலோரம் தையல் மெசினில் இருந்த தேவகுமாரி மெசினை நிறுத்திவிட்டு வேலியடிக்குப் போனாள்.

"உந்தப் பப்பாசியாலைதான் தம்பி எல்லாம்," என்றார் பொன்னம்பலம். "வெட்டிப்போட்டால் சரி."

"பொறுங்கோ ஐயா. ரண்டும் ஒரே பூச்சி மாதிரி எனக்குத் தெரியேல்லை. மாதிரி எடுத்து அனுப்புறன். மறுமொழி வர ரண்டு கிழமை செல்லும். இஞ்சை ஆரும் கிட்டடியிலை வெளியிலையிருந்து கண்டு, தடி கொண்டுவந்தவையோ?"

"ஆர் கொண்டுவாறது? புதுசா வந்தது இவவின்ரை முந்திரிகை ஒண்டுதான்." பொன்னம்பலம் திரும்பினார். "அது அரியாலைக் கண்டுதானே தேவகுமாரி?"

"ஓம் அண்ணை."

மூன்றாவது தரம். முதலிரண்டு தரமும் வாய் தடுமாறவில்லை. இந்தத் தரம் அவளுடைய நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒருவரும் கவனிக்கவில்லை.

ரண்டு கிழமைதானே, மறுமொழி வந்தால் உண்மை தானாகவே தெரியும், நான் ஏன் வாய் திறக்க வேண்டும் என்று அவள் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலையில் எழும்பியதும் தன் கொடியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவினாள். தைக்க வந்த சட்டைக்குப் பொத்தான்தொளையைப் பின்பக்கம் வெட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் பூ வைக்கப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினாள். அதுவும் பொய்.

பொன்னம்பலம் அந்தப் பதினாலு நாளும் பொறுக்கவில்லை. எட்டாம் நாள் சனிக்கிழமை காலை கத்தியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து போனார். குணலட்சுமி மறிக்கவில்லை. தண்ணீர் தருகிறவரை எப்படி மறிப்பது?

பப்பாசி மரம் விழும்போது பெரிய சத்தம் வராது. ஈரச் சாக்கைப் போட்டதுபோல மெத்தென்று ஒரு சத்தம். தேவகுமாரி மெசினில் இருந்தபடி எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் குணலட்சுமியின் குரல் கேட்டது. "பாத்து வெட்டுங்கோ, காய் நசியாமல்." அவ்வளவுதான் சொன்னாள். ஆறு. ஏழு.

ஒன்பதாவது மரம் விழுந்தபோது தேவகுமாரி எழும்பி ஓடினாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒழுங்கையைக் கடப்பதற்குள் இன்னும் இரண்டு விழுந்துவிட்டன.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

"என்னப்பா, என்ன நடந்தது?"

"அது அரியாலைக் கண்டில்லை. தங்கச்சி வீட்டிலையிருந்து, இந்தியாவிலையிருந்து ஒளிச்சுக் கொண்டுவந்தனான். பூச்சி அதிலைதான் வந்தது."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"தடியிலை இருந்தது அண்ணை. நான் பாத்தனான். துடைச்சுப்போட்டு நட்டிட்டன்."

கத்தி பிடித்தவன் கத்தியைக் கீழே போட்டான். பொன்னம்பலம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்து பால் வடிந்து மண்ணில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டது.

குணலட்சுமி பச்சைக் காய்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். "எப்ப சொல்லுறதெண்டு இருந்தனீ? கடைசி மரமும் விழுந்தாப் பிறகோ?"

தேவகுமாரி குனிந்து ஒரு காயை எடுத்தாள்.

"அதை வை," என்றாள் குணலட்சுமி.

திங்கட்கிழமை செந்தூரன் படிவத்தோடு வந்தான். ஏசவில்லை. "அண்டைக்கு வேலியடியிலை நான் கேக்கேக்கை நீங்கள் நிண்டனீங்கள் அக்கா," என்று மட்டும் சொன்னான். பிறகு எழுதிக்கொண்டே சொன்னான். "அந்த ஊரிலை இந்தப் பூச்சியைத் தின்னுற பூச்சியும் இருக்கும். அதாலை அது அடங்கிக் கிடக்கும். இஞ்சை அதுக்கு எதிரி இல்லை. எங்களுக்குக் கடல்தான் வேலி. அந்த வேலிக்குள்ளாலை நீங்கள் பையிலை வைச்சுக் கொண்டுவந்தால் நான் என்ன செய்ய?"

மேலிடத்துக்கு எழுதுவதாகவும், தண்டம் வருமோ எச்சரிக்கை வருமோ தெரியாது என்றும் சொன்னான். வரட்டும் என்று அவள் நினைத்தாள். யாராவது தண்டித்தால் நல்லது என்றுகூடப் பட்டது.

முதலில் தன் கொடியைக் கிண்டி எடுத்துவிட்டு, ஏலத்தில் போன சாடிகளைத் தேடி அவளே வீடு வீடாகப் போனாள். வேரோடு கிண்டி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, கொண்டுவந்து எரிக்க வேண்டும் என்பது செந்தூரனின் கட்டளை. அன்புராஜா தன் கொடியைத் தானே பிடுங்கித் தந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. றொசாந்தி வீட்டில் கொடிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஒரு மட்டையில் பெயர் எழுதிக் குத்தியிருந்தார்கள். 'தேவகுமாரி முந்திரிகை.' தே என்ற எழுத்துக்குப் பச்சை நிறம் தீட்டியிருந்தார்கள்.

"மட்டையையும் கொண்டுபோறியோ?" என்று றொசாந்தி கேட்டாள்.

தேவகுமாரி அதையும் பைக்குள் போட்டாள்.

பொன்னம்பலம் பாதிப் பந்தலை வெட்டி எரித்தார். மறுமொழி வந்தபோது செந்தூரன் சொன்னது சரியாகவே இருந்தது. பப்பாசியில் இருந்தது பழைய பூச்சி. முந்திரிகையில் இருந்தது வேறு. அந்தப் பதினொரு மரங்களும் விழத் தேவையில்லாத மரங்கள்.

பொன்னம்பலம் குணலட்சுமியிடம் போய்ப் புதுக்கன்று வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். மன்னிப்புக் கேட்டாரா என்று ஊருக்குத் தெரியாது. தேவகுமாரி கேட்டாள். மூன்று தரம் போய்க் கேட்டாள். மூன்று தரமும் குணலட்சுமி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தேவகுமாரி கேட்பதை விட்டுவிட்டாள். ஒவ்வொரு நாள் காலையும் மெசினில் இருப்பதற்கு முன்னால் சவர்க்காரத் தண்ணீர் வாளியோடு ஒழுங்கையைக் கடந்து போவாள். பதினொரு புதுக்கன்றுகளின் இலைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். குணலட்சுமி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் படலையின் கொளுக்கி கழற்றியிருக்கும். நாலு மாதம் இப்படியே போனது.

ஒருநாள் மத்தியானம் மெசினில் இருந்தபோது ஒழுங்கையிலிருந்து சத்தம் வந்தது.

"தேவகுமாரி! எடி தேவகுமாரி! உன்ரை பூச்சி திரும்பி வந்திட்டுது, ஓடி வா!"

நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் ஓடினாள்.

குணலட்சுமி ஏழாவது கன்றடியில் நின்றாள். ஓர் இலையின் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு. தேவகுமாரி முழங்காலில் இருந்து பார்த்தாள்.

"இது சிலந்திக் கூடு அக்கா."

"வடிவாப் பார்."

"வடிவாப் பாத்தனான்."

"முந்தியும் பாத்தனீதானே?"

தேவகுமாரி இலையைக் காம்போடு ஒடித்தாள். இடுப்பில் செருகியிருந்த பொலித்தீன் பையை எடுத்து, இலையை உள்ளே வைத்து, வாயை இறுக்கிக் கட்டினாள். பின்னேரம் செந்தூரனின் விவசாயக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.